நோஃபாலோ லிங்க் பூஜ்யம் என்று தீர்ப்பு சொன்ன மகானுக்கு

கசிவுநிபுணர் (ராமமூர்த்தி நகர்), ஞாயிறு இரவு 9.40

நேற்று இன்னொரு இழையில் ஹெச்எஸ்ஆர்ஹரி அவர்கள் திருவாய் மலர்ந்தது இது: "நோஃபாலோ லிங்க் பூஜ்யம். பேப்பரில் வந்த லிங்க்கை ஃபிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டிக்கொள்ளுங்கள்." என்னைத்தான் சொல்கிறார் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். புதியவர்களுக்கு: நோஃபாலோ என்றால், 'தரவரிசைக்கு இந்த லிங்க்கைக் கணக்கில் எடுக்க வேண்டாம்' என்று தேடுபொறிக்கு லிங்க் கொடுக்கும் தளம் போடும் குறி. அந்தக் குறி இல்லாத சாதாரண லிங்க்தான் டூஃபாலோ.

ஜூலையில் ஓர் ஆங்கில நாளிதழ் மழைக்கால மொட்டைமாடிக் கசிவு பற்றி எழுதியது. நிருபர் அழைத்தபோது நான் கே.ஆர்.புரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்தேன். பேசினால் என் குரலே எனக்குத் திரும்பி வருகிறது. ஏணியில் ஏறி வெளியே வந்து, சிமெண்ட் கையோடு போனைப் பிடித்துப் பதில் சொன்னேன். நாலு வரி போட்டார்கள், என் வாட்டர்ப்ரூஃபிங் தளத்துக்கு ஒரு நோஃபாலோ லிங்க்கும் கொடுத்தார்கள். காசு கொடுத்து வாங்கியதில்லை. அதுதான் இவருக்கு உறுத்துகிறது.

காசு கொடுத்து வாங்கிய கதையும் என்னிடம் உண்டு. போன வருடம் ஒரு கம்பெனி 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, எனக்காக வைத்த லிங்க்குகள் என்று 300 வரி எக்செல் தந்தது. எல்லா வரியிலும் பச்சையில் 'டூஃபாலோ'. திறந்து பார்த்தால் 41 லிங்க் ஒரே போர்ச்சுகீசிய நாய்த்தீனித் தளத்திலிருந்து. நாய்க்குட்டிக்குப் பல் முளைக்கும் பருவம் பற்றிய கட்டுரை நடுவே 'பெஸ்ட் வாட்டர்ப்ரூஃபிங் இன் பேங்களூர்'. மூன்றே மாதத்தில் கூகுள் தேடலில் இரண்டாம் பக்கத்திலிருந்து ஐந்தாம் பக்கத்துக்குப் போனேன்.

2019 செப்டம்பரில் கூகுளே சொல்லிவிட்டது, நோஃபாலோ இனி கட்டளை இல்லை, ஹின்ட். ஹின்ட் என்றால் பூஜ்யமா? ஹரி பதில் சொல்லட்டும்.

ஹெச்எஸ்ஆர்ஹரி, இரவு 10.05

சொல்கிறேன் சார். ஹின்ட் என்றால் எடுத்துக்கொள்ளவும் செய்யலாம், விடவும் செய்யலாம். பதினோரு வருடமாகத் தளங்களைத் தேடலில் மேலே ஏற்றுவதே என் தொழில். எடுத்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை. தொட்டிக்குள் நின்று பேசினாலும் சரி, விதான சௌதா படியில் நின்று பேசினாலும் சரி, நோஃபாலோ நோஃபாலோதான்.

கசிவுநிபுணர், இரவு 10.09

'நான் பார்த்ததில்லை' என்பதும் 'பூஜ்யம்' என்பதும் ஒன்றா? தளக்காரர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலைத் திறந்தால் லிங்க் பட்டியலில் அந்த நாளிதழ் மேலே நிற்கிறது. பூஜ்யத்தை எதற்குக் கூகுள் பட்டியல் போடுகிறது?

ஹெச்எஸ்ஆர்ஹரி, இரவு 10.14

அந்தப் பட்டியலில் நோஃபாலோவும் வரும், குப்பையும் வரும். உங்கள் நாய்த்தீனியும் அதில்தானே இருக்கிறது? அதையும் ஃபிரேம் போடுங்கள்.

ஓரமாய்ஒருவன், இரவு 10.20

ஒரு சந்தேகம். 'பூஜ்யம்' என்று எதைச் சொல்கிறீர்கள்? தரவரிசைக்கா, அந்த லிங்க் வழியாக ஆள் வருவதற்கா? இரண்டும் வேறு இல்லையா?

கசிவுநிபுணர், இரவு 10.22

பேச்சை மாற்றாதீர்கள். சர்ச் கன்சோலில் இருக்கிறது. அவ்வளவுதான்.

பழையபாண்டி (அல்சூர்), இரவு 10.48

நீங்கள் இரண்டு பேரும் நேற்று வந்தவர்கள். நோஃபாலோ பிறந்ததே 2005 ஜனவரியில், பின்னூட்டங்களில் லிங்க் கொட்டுகிறவர்களை அடக்க. கூகுள், யாஹூ, எம்எஸ்என் மூன்றும் ஒத்துக்கொண்ட அபூர்வ விஷயம் இது. அப்போது நாங்கள் தளங்களைப் பட்டியல் போடும் டைரக்டரி டைரக்டரியாகப் போய் வாடிக்கையாளர் தளத்தைப் பதிவு செய்வோம். ஒரு நாளைக்கு நாற்பது. கூகுள் டூல்பாரில் பேஜ்ரேங்க் மார்க்கைக் காட்டும் அந்தப் பச்சைப் பட்டை நாலுக்கு ஏறினால் இனிப்பு வாங்கிக் கொடுப்போம்.

2012 ஏப்ரல் 24. பெங்குவின், செயற்கை லிங்க்குகளைப் பிடிக்கக் கூகுள் இறக்கிய மாற்றம். மறுநாள் காலை வாடிக்கையாளர் ஒருவர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அத்தனை லிங்க்கிலும் ஒரே ஆங்கர் வாசகம், அதாவது சொடுக்கும் இடத்தில் தெரியும் சொற்கள், வைத்திருந்தோம். தப்பு எங்களுடையதுதான், ஆனால் அன்றைக்கு எல்லோரும் செய்த தப்பு. 'பெஸ்ட் வாட்டர்ப்ரூஃபிங் இன் பேங்களூர்' என்று 300 இடத்தில் எழுதினால் இன்றைக்கும் அதே கதைதான் தம்பி.

ஹெச்எஸ்ஆர்ஹரி, இரவு 10.57

பாண்டி அண்ணே, மரியாதை உண்டு, ஆனால் அது பழைய பஞ்சாங்கம். 2016 செப்டம்பருக்குப் பிறகு பெங்குவின் ஸ்பாம் லிங்க்கை மதிக்காமல் விட்டுவிடுகிறதே தவிரத் தளத்தைப் போட்டு மிதிப்பதில்லை. ஆக நாய்த்தீனியால் இவர் ஐந்தாம் பக்கத்துக்குப் போகவில்லை. தளம் மெதுவாக இருக்கும், கட்டுரை நன்றாக இருக்காது, பக்கத்துத் தெருக்காரர் இவரைவிட நன்றாகச் செய்திருப்பார். வீட்டுக் கண்ணாடியையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கசிவுநிபுணர், இரவு 11.02

ஆகா! மாட்டிக்கொண்டார் பாருங்கள். நாய்த்தீனித் தளத்தின் 41 லிங்க்கும் டூஃபாலோ. கூகுள் அவற்றை மதிக்காமல் விட்டுவிட்டது என்று ஹரி வாயாலேயே சொல்கிறார். அப்படியானால் டூஃபாலோவும் பூஜ்யம்தானே? இதைத்தான் மாதம் 25,000 ரூபாய்க்கு இவர் விற்கிறாரா?

ஹெச்எஸ்ஆர்ஹரி, இரவு 11.04

நான் விற்பது அவுட்ரீச், மற்ற தளக்காரர்களுக்கு எழுதி லிங்க் கேட்பது. கைவினை. ஒவ்வொரு தளத்துக்கும் தனியாக எழுதுகிறோம்.

ஜாலஹள்ளிசமையல், இரவு 11.15

கைவினை என்றதும் சிரித்துவிட்டேன். எட்டு வருடமாகச் சமையல் வலைப்பதிவு நடத்துகிறேன். தினம் மூன்று நாலு மெயில் வரும். எல்லாம் 'டியர் சார், உங்கள் அருமையான கட்டுரையைப் படித்தேன்'. நான் சார் இல்லை. எந்தக் கட்டுரை என்று கேட்டால் பதில் வராது. ஒருவர் என் வத்தக்குழம்புப் பக்கத்தில் ஆன்லைன் ரம்மி லிங்க் வைக்க 1,500 ரூபாய் தருவதாகச் சொன்னார். டொமைன் அத்தாரிட்டி 31தான், அதனால் அதற்கு மேல் கட்டாதாம். அந்த எண் மோஸ் என்ற தனியார் நிறுவனம் போடும் மார்க். கூகுளுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. இவர்கள் என்னவோ ஆதார் எண் போலப் பேசுகிறார்கள்.

இன்னொன்று. காசு வாங்கினால் ஸ்பான்சர்டு என்று குறிக்க வேண்டும், 2019 முதல் அதற்கென்றே தனி அடையாளம் இருக்கிறது. குறித்துத்தான் தருவேன் என்றால் அத்தோடு ஆளைக் காணோம்.

ஹெச்எஸ்ஆர்ஹரி, இரவு 11.19

மேடம், குறித்துக் கொடுத்தால் யார் வாங்குவார்கள்? நாலு சின்னத் தளங்கள் பிழைப்பது எங்களால்தான்.

ஜாலஹள்ளிசமையல், இரவு 11.20

நான் பிழைப்பது என் வத்தக்குழம்பால்.

கசிவுநிபுணர், இரவு 11.24

மேடம் சொன்னது நூற்றுக்கு நூறு. ஹரி, ஹின்ட் என்றால் பூஜ்யமா? நான் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

ஓரமாய்ஒருவன், இரவு 11.31

கசிவு வேலைக்கு ஆள் தேடுகிறவர் பெரும்பாலும் கூகுள் மேப்பில்தான் பார்ப்பார். அங்கே தூரம், பொருத்தம், பெயர் வாங்கியிருப்பது என்று மூன்றைப் பார்ப்பதாகக் கூகுளே சொல்கிறது. பேப்பரில் வந்தது அந்த மூன்றாவதற்கு உதவலாம். அப்புறம் உங்கள் தளத்தில் 'பேங்களூர்' என்றே இருக்கிறது, 'பெங்களூரு' எங்குமே இல்லை. 2014 நவம்பர் 1 முதல் அதுதானே அதிகாரப்பூர்வப் பெயர்?

பழையபாண்டி, இரவு 11.36

யார் சொன்னது? என் தாத்தா கோலார் தங்கவயலிலிருந்து வந்து இறங்கியது பெங்களூரில். நான் பெங்களூர் என்றுதான் எழுதுவேன்.

ஓரமாய்ஒருவன், இரவு 11.38

அண்ணே, நான் தேடுசொல்லைச் சொன்னேன்.

பழையபாண்டி, இரவு 11.41

தேடுசொல்லும் பெங்களூர்தான். இதே ஊர்ப்பெயர் விஷயத்தில் போன வருடமும் நீதான் தமிழ்ச் சங்கத்து வாசலில் என்னை மடக்கினாய். மறந்துவிடவில்லை.

ஹெச்எஸ்ஆர்ஹரி, இரவு 11.44

விக்கிப்பீடியாவே 2007இல் வெளி லிங்க் எல்லாவற்றுக்கும் நோஃபாலோ போட்டுவிட்டது. ஏன்? அதற்கப்புறம் அங்கே லிங்க் திணித்துப் பயனில்லை என்பதால். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கசிவுநிபுணர், இரவு 11.49

2007! நான் சொல்வது 2019. நடுவில் பன்னிரண்டு வருடம் இருக்கிறது. பஞ்சாங்கம் யாருடையது பழசு?

சரி, ஒன்று சொல்கிறேன். அந்தக் கட்டுரை வந்த வாரம் எனக்குப் பதினொரு அழைப்பு. அதில் மூன்று வேலையாக முடிந்தது. பாணஸ்வாடியில் ஓர் அம்மா பேப்பரைக் கத்தரித்துக் கையில் வைத்துக்கொண்டே கதவைத் திறந்தார். மூன்று வேலைக்கும் சேர்த்து வந்த பணம் ஹரியின் மூன்று மாதக் கட்டணத்தைவிட அதிகம். இது பூஜ்யமா?

ஹெச்எஸ்ஆர்ஹரி, இரவு 11.52

கத்தரித்த பேப்பரில் லிங்க் எங்கே சார் இருக்கிறது? அது அச்சுப் பேப்பரின் புண்ணியம். தரவரிசையில் ஏறினீர்களா? அதைச் சொல்லுங்கள்.

கசிவுநிபுணர், இரவு 11.53

ஏறினேன். ஐந்திலிருந்து நாலாம் பக்கம்.

ஹெச்எஸ்ஆர்ஹரி, இரவு 11.53

நாலாம் பக்கம்! வாழ்த்துகள். அங்கே நாங்கள் பழைய வாடிக்கையாளர்களை அடக்கம் செய்து வைத்திருக்கிறோம், கண்டால் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

கசிவுநிபுணர், இரவு 11.58

சிரியுங்கள். அல்சூரில் டிபன் சாப்பிட்டுவிட்டு 'பர்ஸ் வண்டியில் இருக்கிறது' என்று போனவர் இன்னும் வண்டியிலிருந்து திரும்பவில்லை. நாலு பேருக்கும் நான்தான் கொடுத்தேன். பூஜ்யம் பற்றி அவர் பேசுகிறார்.

ஹெச்எஸ்ஆர்ஹரி, நள்ளிரவு 12.03

அன்றைக்கே ஜிபே செய்தேன். 140 ரூபாய்.

கசிவுநிபுணர், நள்ளிரவு 12.04

வரவில்லை.

ஹெச்எஸ்ஆர்ஹரி, நள்ளிரவு 12.06

ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறது. காலையில் போடுகிறேன்.

ஜாலஹள்ளிசமையல், நள்ளிரவு 12.10

இப்போது இன்னொரு மெயில் வந்திருக்கிறது. 'டியர் சார்'. ஹெச்எஸ்ஆர் லேஅவுட் முகவரி. ஹரி, இது உங்களுடையதா?

கசிவுநிபுணர், நள்ளிரவு 12.11

பதில் சொல்லமாட்டார் மேடம். ஹின்ட்டுக்கே இன்னும் சொல்லவில்லை.