ஃபிஃப்டீனா, ஃபிஃப்டியா? நெட்வொர்க் ஸ்விட்ச்சில் குரலுக்கு வழிவிட்ட அனுபவம்

ஒரு தனியார் மருத்துவமனையில் நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்தது. பழைய கட்டிடத்தின் இரண்டாம் மாடி நர்ஸ் கவுண்டரில் ஐபி போன் விட்டுவிட்டுக் கேட்கிறது என்று வாரத்துக்கு நாலு புகார் வரும். போன், கேபிள், போர்ட் எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. ஒருநாள் காலை நான் அங்கே நிற்கும்போதே டாக்டரிடமிருந்து அழைப்பு வந்தது. சிஸ்டர் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, "ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா டாக்டர்? ஒன் ஃபைவா, ஃபைவ் ஸீரோவா?" என்று மூன்று தடவை கேட்டார். மருந்தின் அளவு அது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

கீழ்த்தளத்தில் சிடி ஸ்கேன். ஒரு ஸ்லைஸ் அரை எம்பி. 300 ஸ்லைஸ் என்றால் 150 எம்பி. அது சர்வருக்குப் போகும் அப்லிங்க்கில் (ஸ்விட்ச்சிலிருந்து மேலே போகும் பொது லைன், போன் பேச்சும் இதே வழிதான்) பழைய மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் செப்புக் கேபிளையும் இணைக்கும் பெட்டி) இருந்ததால் வேகம் 100 எம்பிபிஎஸ்தான். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் 12 விநாடிக்குக் குறையாமல் லைன் முட்டி நிற்கும். ஆனால் கிராஃப் காட்டுவது 5 நிமிடச் சராசரி. அதில் அந்த 12 விநாடி வெறும் 4 சதவீதம். அந்தக் கிராஃபை நம்பியே இத்தனை நாள் "லைன் காலியாகத்தான் இருக்கு" என்று பதில் சொல்லியிருக்கிறேன்.

சரி, கியூஓஎஸ் (முக்கியமான டேட்டாவுக்கு முன்னுரிமை தரும் வசதி) போட்டிருக்கிறார்களா என்று பார்த்தால், ஏற்கெனவே ஆன் செய்திருந்தார்கள். போனும் 'இது குரல், முதலில் விடு' என்று சொல்லும் டிஎஸ்சிபி 46 முத்திரையோடுதான் பாக்கெட்டை அனுப்புகிறது. அப்புறம் ஏன் உடைகிறது? போர்ட் மிரர் போட்டு (போர்ட்டில் போவதை நகலெடுத்து), வயர்ஷார்க் என்ற பாக்கெட் பார்க்கும் மென்பொருளில் இரண்டு பக்கமும் பிடித்தேன். போன் பக்கம் முத்திரை இருக்கும் டாஸ் பைட் 0எக்ஸ்பி8, அதாவது டிஎஸ்சிபி 46. அப்லிங்க் பக்கம் அதே பாக்கெட்டில் 0. எங்கள் ஸ்விட்ச்சில் கியூஓஎஸ்ஸை ஆன் செய்ததும் எந்தப் போர்ட்டையும் நம்பாத நிலைக்குப் போய்விடும். 'ட்ரஸ்ட்' என்று தனியாகச் சொல்லாவிட்டால் உள்ளே வரும் முத்திரையை அழித்துவிடும். இப்படி அரைகுறையாக ஆன் செய்து வைப்பதற்கு ஆஃப் செய்தே வைத்திருக்கலாம்.

போன் இருக்கும் போர்ட்டுகளுக்கு மட்டும் ட்ரஸ்ட் கொடுத்து, 46ஐ ஸ்ட்ரிக்ட் க்யூவில் (எப்போதும் முதலில் அனுப்பப்படும் வரிசை) விட்டேன். ஜி.711 (குரலை டிஜிட்டலாக்கும் முறை) அழைப்பு ஒன்றுக்கு ஒரு திசையில் ஈதர்நெட்டில் 87 கேபிபிஎஸ் அளவுதான். பத்துப் பேர் பேசினாலும் 1 எம்பிபிஎஸ் வராது, ஸ்கேனுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. மறுபக்க ஸ்விட்ச்சிலும் இதையே செய்ய வேண்டும். முதல் நாள் அதை மறந்ததால் டாக்டர் குரல் மட்டும் உடைந்துகொண்டே இருந்தது.

*

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். எங்கள் மில்லில் நேர்மாறாக நடந்தது. கேமரா படம் உறைகிறது என்று முதலாளி சொன்னதும், கேமராவைத் தூக்கி மேல் க்யூவில் ஸ்ட்ரிக்ட்டாகப் போட்டுவிட்டேன். 24 கேமரா, ஆளுக்கு 4 எம்பிபிஎஸ், கூட்டினால் 96. அப்லிங்க்கோ 100. படம் அழகாக ஓடியது. ஆனால் எடைமேடை பில்லிங் நின்று, லாரிகள் கேட் வரை வரிசை கட்டிவிட்டன. ஸ்ட்ரிக்ட் என்றால் மேல் க்யூ காலியாகும் வரை கீழே இருப்பவனுக்கு முறையே வராது. இப்போது போன் மட்டும்தான் ஸ்ட்ரிக்ட். கேமராவும் பில்லிங்கும் வெயிட்டட் முறையில் பங்கு போட்டுக்கொள்கின்றன. கேமராவை 2 எம்பிபிஎஸ்ஸுக்கும் இறக்கிவிட்டேன்.

*

இன்னொரு வாசகரின் கேள்வி: எங்கள் போன் சர்வர் வெளியே கிளவுடில் இருக்கிறது. ஸ்விட்ச்சில் 46 சரியாகப் போகிறது, ஆனாலும் மாலை நேரத்தில் குரல் உடைகிறது. என்ன செய்யலாம்?

*

தம்பி, அப்படியானால் நெரிசல் ஸ்விட்ச்சில் இல்லை, ரவுட்டர் தாண்டிய அப்லோட் லைனில் இருக்கும். 20 எம்பிபிஎஸ் லைன் என்றால் ரவுட்டரிலேயே 18க்கு ஷேப் பண்ணி (வேகத்தை அந்த அளவுக்குள் கட்டுப்படுத்தி), வாய்ஸுக்கு அங்கே முன்னுரிமை கொடுங்கள். அப்போதுதான் வரிசை உங்கள் ரவுட்டரில் நிற்கும், யாரை முதலில் விடுவது என்று நீங்கள் சொல்லலாம். முதலில் மாலையில் ஒரு பிங் (பாக்கெட் போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் கட்டளை) ஓடவிட்டு, அப்லோட் நடக்கும்போது நேரம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.