மரம் ஏறி வெட்ட எந்தச் செயின் வாள் மெஷின்: மேல்பிடியா, பின்பிடியா?

கொப்புக்காரன்
ஹட்டன், தலவாக்கலை பக்கம் தேயிலைத் தோட்டத்துல நிழல் மரம் கழிக்கிற கொந்தராத்து. ஏற மூணு பேர், கீழே கயிறு பிடிக்க ரெண்டு பேர். பெரும்பாலும் கிரேவிலியா. லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக் கூரை மேல சாஞ்சு நிக்கிற டர்பன்டைன் மரமும் கொஞ்சம். கீழே துண்டு போட 45 சீசீ மெஷின் இருக்கு. மேலே கொண்டு போக ஒண்ணே ஒண்ணுதான் வாங்க முடியும். கைப்பிடி எஞ்சின் தலை மேலயே இருக்கிற மேல்பிடி மெஷினை வாங்குங்கிறாங்க சிலர். ஸ்டில் 180 மாதிரி, கைப்பிடி எஞ்சினுக்குப் பின்னால இருக்கிற சின்னப் பின்பிடி போதும், மிச்சக் காசுக்குக் கயிறு வாங்குங்கிறாங்க சிலர். மே மாசக் காத்து மழைக்கு முந்தி வேலை தொடங்கணும். காரணத்தோட சொல்லுங்க.

மேட்டுலயம்
பின்பிடியே போதும் தம்பி. விலைக்காக மட்டும் சொல்லல. பின்பிடியில ரெண்டு கைக்கும் நடுவுல சாணுக்கு மேல இடைவெளி. பார், அதாவது செயின் சுத்தி ஓடுற நீளத் தகடு, அதோட நுனியில மேல்பாதி எதையாவது தட்டி மெஷின் எகிறினா, அடக்குறது அந்த இடைவெளிதான். மேல்பிடியில ரெண்டு பிடியும் ஒட்டி ஒட்டி இருக்கும். அதே எகிறல் மணிக்கட்டைத் திருப்பி விட்டுரும். அடுத்தது, மேல்பிடி கையில வந்தா ஏறுறவன் ஒத்தைக் கையால அறுக்கத்தான் செய்வான். நீங்க எவ்வளவு சொன்னாலும் செய்வான். ஐரோப்பாவுல பயிற்சி எடுத்த மர வேலைக்காரருக்கு மட்டும்னு சொல்லி விக்கிற சாமான் அது, சும்மா இல்ல. அதோட பின்பிடிக்குச் செயின், கிளட்ச் டிரம், பில்டர் தேடி அலைய வேண்டியதில்ல.

சங்கிலிப்பல்
எடையை வச்சுப் பேசினா மேட்டுலயம் அண்ணன் ஜெயிச்சிடுவார். அதனால அதை முதல்லயே விட்டுக் கொடுத்திடுறேன். ஸ்டில் எம்எஸ் 180: 31.8 சீசீ, 1.4 கிலோவாட், பாரும் செயினும் இல்லாம 4 கிலோவை ஒட்டி. எம்எஸ் 201 டிசி-எம்: 35.2 சீசீ, 1.8 கிலோவாட், 3.7 கிலோ. ஹஸ்க்வர்னா டி540 எக்ஸ்பி: 37.7 சீசீ, அதே 1.8 கிலோவாட், 3.9 கிலோ. வித்தியாசம் ஒரு டம்ளர் தண்ணிதான்.

கேள்வி அந்த எடை எங்க நிக்குதுங்கிறது. இடுப்புக் கயித்துல சாஞ்சு நிக்கிறவனுக்கு முன்னால மரம், ரெண்டு பக்கமும் கொப்பு. மெஷினுக்கு மிச்சம் இருக்கிற இடம் நெஞ்சுக்கும் இடுப்புக்கும் நடுவுலதான். அங்க பின்பிடி விலாவுல வந்து முட்டும். முட்டினா தோளைத் திருப்புவான், திருப்பினா பாரம் முழுக்க வலது மணிக்கட்டுக்குப் போகும், இடது கை மரத்தைத் தேடிப் போகும். ஒத்தைக் கை அறுப்புன்னு நீங்க பயப்படுறது பின்பிடியிலதான் தொடங்குது.

தொங்கவிடுறதையும் பாருங்க. மேல்பிடியில பின்னால மடிச்சு நிமிர்த்துற வளையம் இருக்கும். குட்டைக் கயித்துல மாட்டினா இடுப்போரம் அடங்கி நிக்கும். பின்பிடியில வளையம் இல்ல, பிடியிலயே கயிறு சுத்தணும். பார் நுனி முழங்காலுக்குக் கீழே ஆடும், வெட்டின கொப்போட கட்டைகள்ல எல்லாம் மாட்டும்.

மேட்டுலயம்
விலாவுல முட்டுதுன்னா அது மெஷினோட குத்தம் இல்ல, நின்ன இடத்தோட குத்தம். நெஞ்சு மட்டத்துல எதுக்கு அறுக்கணும்? இன்னும் ரெண்டு அடி ஏறி, இடுப்புக் கயித்தை நீட்டி, வெட்டு இடுப்பு மட்டத்துக்கு வர்ற மாதிரி நில்லு. அப்போ எந்தப் பிடியும் முட்டாது.

எகிறலுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல. முன்பிடியில இடது கை இருந்தாத்தான் மெஷின் எகிறும்போது அந்த மணிக்கட்டு முன் தடுப்பைத் தள்ளும், செயினை நிறுத்துற பிரேக் விழும். ஒத்தைக் கையில அது நடக்காது. மெஷின் தானா உணர்ந்து பிரேக் போடுறதை மட்டும் நம்பி நிக்கணும். பார் சுத்தி வர்ற வழியில என்ன இருக்கு? கொப்பைப் பிடிச்சிருக்கிற இடது கை, அதுக்கு மேல கழுத்து.

சங்கிலிப்பல்
எகிறல்ல பின்பிடிக்கு நெம்பு பலம் அதிகம். மறுக்கல. அதுக்காகத்தான் மேல்பிடியில ரெண்டு கையும் விடாம அறுக்கணும்னு சொல்றது. ஒத்தைக் கையால அறுக்கிறவன் ஏன் அறுக்கிறான்? அறுந்த கொப்பு கூரையில விழுந்திடாம மறு கையால பிடிக்க. அந்தத் தேவையையே இல்லாமப் பண்ணலாம்.

படி வெட்டு போடுங்க. மணிக்கட்டுப் பருமன்ல இருந்து 12 சென்டிமீற்றர் வரைக்கும் சரி வரும். ஒரு பக்கத்துல பாதிக்குக் கொஞ்சம் மேல அறுக்கணும். எதிர்ப் பக்கத்துல 2, 3 சென்டிமீற்றர் தள்ளி அதே மாதிரி பாதி தாண்டி அறுக்கணும். ரெண்டு வெட்டும் ஒண்ணையொண்ணு தாண்டி நிக்கும். நடுவுல இருக்கிற நார் கொப்பைப் பிடிச்சுக்கும். பிரேக்கைப் போடு, எஞ்சினை நிறுத்து, மெஷினைத் தொங்க விடு. அப்புறம் ரெண்டு கையாலயும் கொப்பைப் பிடிச்சு ஒடி. விழுற திசை உன் கையில. கிரேவிலியாவுக்கு நல்லா வரும், ஏன்னா அந்த மரம் சுள்ளுன்னு ஒடியும். படுக்கையா நீண்டு கிடக்கிற பாரக் கொப்புக்கு இது ஆகாது. அதுக்குக் கீழே மூணுல ஒரு பங்கு வெட்டிட்டு, மேல இருந்து அறுக்கணும். இல்லன்னா பட்டையோட உரிஞ்சு கீழே இறங்கும், நீ நிக்கிற தண்டையும் பிளக்கும்.

கைவாள்
ரெண்டு பேரும் மெஷினுக்குச் சண்டை போடுறீங்க. நிழல் மரம் கழிக்கிறதுல முக்கால்வாசி 8 சென்டிமீற்றருக்குக் கீழே இருக்கிற கொப்பு. 33 சென்டிமீற்றர் வளைஞ்ச இழுப்பு வாள், தொடையில உறை. மெஷினை எடுத்து, இழுத்து ஸ்டார்ட் பண்ணி, பிரேக் எடுத்து அறுக்கிற நேரத்துக்குள்ள வாள் அறுத்து முடிச்சிடும். இழுக்கும்போது அறுக்கிற வாள், தள்ளும்போது இல்ல. தள்ளி அழுத்தினா தகடு வளைஞ்சு முறியும்.

கத்தியை மட்டும் மேலே கொண்டு போகாதீங்க. கவ்வாத்துக் கத்தியை ஓங்கி வீசிப் பழகின கை, இறுகி நிக்கிற கயித்துல ஒரு தட்டு தட்டினாப் போதும். மெஷின் மேலே போகும்போது இடுப்புக் கயிறு உள்ளே இரும்புக் கம்பி வச்சதா இருக்கணும், மேலே இருந்து வர்ற கயிறு தனியா இருக்கணும். அறுக்கிற நேரம் உடம்பு ரெண்டு இடத்துல கட்டியிருக்கணும். இந்த ரெண்டுக்கும் காசு ஒதுக்கின பிறகு மிஞ்சுறதுதான் மெஷின் காசு.

மேட்டுலயம்
இதுல கைவாளோட எனக்குச் சண்டையே இல்ல. ஒண்ணு சேர்த்துக்கிறேன்: வருஷா வருஷம் தலை வெட்டின கிரேவிலியாவுல புதுசா எழும்புற கொப்பு பட்டைக்கு அடியில மேலாகத்தான் ஒட்டியிருக்கும். கை பருமன் இருந்தாலும் அதுல கயிறு போடாதீங்க. தண்டைச் சுத்திப் போடுங்க. மலைமூட்டத்துல பாசி பிடிச்ச பட்டையில கால் நிக்காது, அதையும் கணக்குல வச்சுக்கோங்க.

கொப்புக்காரன்
கைவாள் வாங்குறது முடிவு. மெஷின்ல இன்னொரு கேள்வி. 25 சீசீ மேல்பிடி, பேர் தெரியாத சாமான், கால்வாசி விலைக்கு வருது. அதை எடுத்தா என்ன? 25 சீசீன்னா இலேசுதானே.

சங்கிலிப்பல்
25 சீசீல நல்லதும் இருக்கு. எக்கோ சிஎஸ்-2511 டி 2.3 கிலோதான், கைவாளுக்கும் 35 சீசீக்கும் நடுவுல கச்சிதமா நிக்கும். நீங்க சொல்றது அது இல்ல, பழைய ஜப்பான் 25.4 சீசீ மெஷினைப் பார்த்துச் செஞ்ச நகல். கடையிலயே சோதிக்கலாம். பார் ஏறின நிலையில பிரேக்கைப் போட்டு, எஞ்சின் நிக்கும்போதே கையுறையோட செயினை இழுங்க. நகர்ந்தா வேண்டாம். பிரேக்கை எடுத்துட்டு எஞ்சினை மெதுவா ஓட விடுங்க. செயின் தானா ஊர்ந்தா கிளட்ச் ஸ்பிரிங் சரியில்ல, மெதுவா ஓடுற வேகத்தோட திருகைத் தணிச்சு மறைச்சாலும் மரத்துல ஊரும். ஆக்ஸிலேட்டர் பூட்டு, அதாவது உள்ளங்கை அழுத்தினாத்தான் விசை இழுபடுற அந்தத் துண்டு, அமுக்காம விசை இழுபடுதான்னு பாருங்க. கீழே வேலை செய்ற மெஷின்ல இதெல்லாம் தொல்லை. தொங்குற மெஷின்ல தொடையே அறுபடும்.

நானுஓயா மேடு
எல்லாரும் சீசீயும் கிலோவாட்டும் பேசுறீங்க. அந்தக் கணக்கு கடல் மட்டத்துக் கணக்கு. 300 மீற்றருக்குச் சுமார் 3 சதவீதம் பலம் குறையும். நுவரெலியா 1,868 மீற்றர்: கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு போயிடும். 1.8 கிலோவாட் மெஷின் 1.5க்குக் கீழே இறங்கும். கடையில 1.1ன்னு எழுதின 25 சீசீ, மேலே 0.9. அதனால 30 சென்டிமீற்றர் பாருக்கு மேல போடாதீங்க, எந்த மெஷின்லயும்.

பெரிய தொல்லை அது இல்ல. கொழும்புல ட்யூன் பண்ணின மெஷின் மேலே வந்தா காத்து கம்மி, பெற்றோல் அதே அளவு. ப்ளக் கறுத்து நனைஞ்சு வரும், புகை வரும், விசையை இழுத்தா மூச்சு முட்டி நிக்கும். அதைச் சரி பண்ண, கார்பரேட்டர்ல முழு வேகத்துக்குப் பெற்றோல் அளக்கிற எச் திருகை உள்ளே முடுக்குவாங்க. நல்லா ஓடும். அதே மெஷினை அடுத்த மாசம் கினிகத்தேனைப் பக்கம், இன்னும் கீழே அவிசாவளைக்குக் கொண்டு போய் அப்படியே இழுத்தா, இப்போ காத்து கூட, பெற்றோலும் அதோட போற எண்ணெயும் கம்மி. சத்தம் கூர்மையா ஏறும், சைலன்சர் பக்கம் பிஸ்டன் சுரண்டிப் பிடிச்சுக்கும். மலை இறங்கும்போது முதல்ல எச் திருகைத் தளர்த்தணும், அப்புறம் ஸ்டார்ட்.

ட்யூன் பண்ற முறை: பில்டரைக் கழுவு, செயினைத் தீட்டு, அஞ்சு நிமிஷம் சூடாக்கு. மெது வேகத்துக்குப் பெற்றோல் அளக்கிற எல் திருகுல வேகம் உச்சத்துக்கு வர்ற இடத்தைப் பிடிச்சுக் கால் சுத்து வெளியே. சும்மா ஓடுற வேகத்தை வைக்கிற எல்ஏ திருகுல செயின் நிக்கிற அளவு. கடைசியா எச்: விசையை முழுக்க இழுத்தா மரத்துல படாதப்போ கொஞ்சம் புர்ர்னு தடுமாறணும், அறுக்கும்போது தடுமாற்றம் போய்ச் சுத்தமா ஓடணும். அறுக்காதப்பவும் சுத்தமா ஓடினா எண்ணெய் பத்தலைன்னு அர்த்தம்.

மேட்டுலயம்
இந்த ஒரு காரணத்துக்கு வேணா 201 டிசி-எம்முக்குத் தலையாட்டுறேன். அதுல எம்-ட்ரானிக், உயரத்துக்கு ஏத்த மாதிரி தானே மாத்திக்கும். டி540ல ஆட்டோட்யூன், அதே வேலை. மலை ஏறி இறங்குற கொந்தராத்துக்காரனுக்கு அது பிரயோசனம். ஒரே தோட்டத்துல வருஷம் முழுக்க இருக்கிறவனுக்குத் திருகே போதும்.

கைவாள்
அப்போ பற்றரி மெஷின்? அதுக்குக் காத்தும் வேண்டாம் கார்பரேட்டரும் வேண்டாம்.

சங்கிலிப்பல்
உயரம் அதைத் தொடாது, உண்மை. கீழே நிக்கிறவன் கூப்பிட்டா மேலே காது கேக்கும், அது பெரிய லாபம். ஸ்டில் எம்எஸ்ஏ 161 டி பற்றரி இல்லாம 2.1 கிலோ. பெரிய பற்றரி போட்டா 4 கிலோவை ஒட்டும். கூரையோர மரம் ஒண்ணு ரெண்டுன்னா அருமை. ஒரு நாளைக்கு இருபது கிரேவிலியான்னா மூணு பற்றரி வேணும், அதைச் சார்ஜ் பண்ண மலையில கரண்ட் எங்க? விலையையும் கூட்டிப் பாருங்க. இவருக்கு ஒண்ணுதான் வாங்க முடியும்.

நானுஓயா மேடு
எண்ணெயை யாரும் பேசல. பெற்றோல் 1 லீற்றருக்கு மெஷின் கம்பெனி 2டி (டூ ஸ்ட்ரோக்) எண்ணெய்னா 20 மில்லி. முச்சக்கர வண்டிக்கு விக்கிற சாதா 2டின்னா 40 மில்லி. பார் எண்ணெய்க்குப் பழைய எஞ்சின் எண்ணெய் ஊத்துறவங்க நிறைய. அதுல இரும்புத்தூள் இருக்கும், பம்பை அடைக்கும். மேலே இருந்து சிதறுறது முழுக்கக் கொழுந்து மேல. தேங்காய் எண்ணெய்னு ஒரு யோசனை சுத்துது. அது 24 பாகை வாக்குல உறையும். இங்க காலையில எத்தனை பாகை? டாங்கியிலேயே கட்டியா நிக்கும், செயின் காஞ்சு ஓடும், பார் நீலம் பிடிக்கும். பார் எண்ணெய் கிடைக்காத அன்னைக்குப் புது எஞ்சின் எண்ணெய் ஊத்துங்க.

கொப்புக்காரன்
201 எட்டாது. எம்எஸ் 194 டி பார்த்தேன், அதுவும் மேல்பிடிதான். 180 மாதிரியே 31.8 சீசீ, 3.3 கிலோ. எம்-ட்ரானிக் இல்ல. நாங்க ஹட்டனுக்குக் கீழே போறது குறைவு.

சங்கிலிப்பல்
சரியான தெரிவு. 30 சென்டிமீற்றர் பார் எடுங்க, செயின்ல பார் பள்ளத்துக்குள்ள ஓடுற துண்டு, அதாவது டிரைவ் லிங்க், 44, 3/8 அங்குலச் சின்னப் பல். பார் வேரடியில பள்ளத்தோட அகலம் 1.1 மில்லிமீற்றரா 1.3ஆன்னு அடிச்சிருக்கும், அதைப் பார்த்துச் செயின் வாங்குங்க; 1.3 செயின் 1.1 பள்ளத்துல இறங்காது, 1.1 செயின் 1.3ல ஆடும். அரம் 4 மில்லிமீற்றர், 30 பாகை, ஒவ்வொரு டாங்கிக்கும் ஒரு தரம், பல்லுக்கு ரெண்டு இழுப்பு. ரேக்கரை, அதாவது பல்லுக்கு முன்னால நிக்கிற, வெட்டோட ஆழத்தைக் கட்டுப்படுத்துற மேட்டை, 0.65 மில்லிமீற்றருக்கு மேல தணிக்காதீங்க. வேகமா அறுக்குதேன்னு தணிச்சா நீங்க பேசின அதே எகிறல்தான். தூளு பொடியா வந்தா செயின் மழுங்கிடுச்சு; மழுங்கினதை அழுத்தி அறுக்கிறவன்தான் மரத்துல தடுமாறுறான்.

மேட்டுலயம்
வாங்கு தம்பி. ஒரு நிபந்தனை. மூணு பேர் ஏறுறீங்கன்னா, மேலே மெஷினோட ஒருத்தன் இருக்கும்போது ஏறி இறக்கத் தெரிஞ்ச இன்னொருத்தன் இடுப்புப்பட்டி மாட்டின நிலையில கீழே நிக்கணும், வேற மரத்துல இல்ல. மூணு மெஷின் வாங்க முடியாதது இந்த வகையில நல்லது. லயத்தோரம் பலா வந்தா தொடாதீங்க. 1951ஆம் ஆண்டு 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்துல பலாவுக்கு அனுமதி வேணும். கரண்ட் கம்பி பக்கம் போற கொப்புன்னா மின்சாரக்காரங்க லைனை நிறுத்தின பிறகு ஏறுங்க.

கொப்புக்காரன்
அப்போ 194 டி, இழுப்பு வாள் மூணு, கம்பி வச்ச இடுப்புக் கயிறு மூணு. கயித்துக்குத்தான் காசு அதிகம் போகுது.

கைவாள்
போகட்டும்.