புதுப்பிப்பு: ஏபி இலக்கியத் தேர்வுக்கு எந்த நாவல்?

மகளின் ஏபி (பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரத்திலான அமெரிக்கத் தேர்வு) ஆங்கில இலக்கியத் தேர்வுக்கு எந்த நாவல்களைப் படிக்கலாம் என்று கேட்டிருந்தேனே, பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. டோனி மாரிசனின் 'பிலவ்ட்' (1987), சோரா நீல் ஹர்ஸ்டனின் 'தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்' (1937) என்று இரண்டோடு நிறுத்திக்கொண்டோம். தேர்வில் எழுத வேண்டிய மூன்று கட்டுரைகளில் மூன்றாவதற்கு நாவலை மாணவரே தேர்ந்தெடுக்கலாம், வினாத்தாளில் தரும் பட்டியலில் அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆனால் புத்தகம் கையில் இருக்காது, மூன்று கட்டுரைக்கும் சேர்த்து 2 மணி நேரம்தான். அதனால் பத்து நாவலை மேலோட்டமாகப் புரட்டுவதைவிட இரண்டை ஊன்றிப் படிப்பதே மேல். 'பிலவ்ட்' நாயகியின் முதுகில் சாட்டைத் தழும்பு மரம்போலக் கிளைவிட்டிருக்கும். அந்த ஒரு படிமத்தை வைத்தே நினைவு, தாய்மை, அடிமைமுறை என்று எதைக் கேட்டாலும் எழுதலாம் என்கிறாள் மகள். கனமான புத்தகம், தாயே குழந்தையைக் கொல்லும் இடம் வருகிறது, அதனால் நானும் கூடவே படிக்கிறேன். அப்புறம், நாடகமும் செல்லும் என்பதால் பள்ளியில் நடத்திய 'ஹாம்லெட்' இருக்கிறது, அது போதும்.