'பனியேரி உடைப்பு': ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

பனியாறு (மலைச்சரிவில் மெல்ல நகரும் பனிக்கட்டித் திரள்) உருகிப் பின்வாங்கிய இடத்தில் தேங்கும் ஏரி கரையுடைந்து கீழே உள்ள ஊர்களை அடித்துச் செல்லும் பேரிடருக்குப் 'பனிப்பாறை வெடிப்பு வெள்ளம்' என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்று, கலைச்சொல் பட்டியலுக்காக நாம் பேசிவரும் இந்த இழையில் சிலர் கருதுகிறார்கள். செய்திகளில் அது ஏற்கெனவே புழங்குவது உண்மைதான். ஆனால் அதில் ஏரியும் இல்லை, கரையும் இல்லை. நடக்காத வெடிப்பு ஒன்றுதான் இருக்கிறது. எனவே 'பனியாற்று ஏரி உடைப்பு வெள்ளம்' என்பதை முழுச்சொல்லாகவும் 'பனியேரி உடைப்பு' என்பதைச் சுருக்கமாகவும் கொள்ளலாம் என முன்மொழிகிறேன்.

2023 அக்டோபர் 3ஆம் நாள் இரவு வட சிக்கிமில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,200 மீட்டர் உயரத்தில், பனியாறு பின்வாங்கப் பின்வாங்கப் பல பத்தாண்டுகளாக நீண்டுகொண்டே வந்த தெற்கு லோனாக் ஏரியின் பக்கவாட்டு மொரைன் மேடு (பனியாறு தள்ளிக் குவித்த கல்லும் மண்ணும்), உள்ளே உறைந்திருந்த மண் இளகியதால் சரிந்து, ஏறத்தாழ 1.5 கோடி கன மீட்டர் கல்லும் மண்ணுமாக நீரில் விழுந்தது. அதனால் எழுந்த பேரலை எதிர்முனையில் இருந்த கரையின் மீது புரண்டு, அதை அரித்துப் பிளந்தது. ஏறத்தாழ 5 கோடி கன மீட்டர் நீர் வெளியேறித் தீஸ்தா ஆற்றில் பாய்ந்தது. சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் நீர்மின் திட்டத்தின் அணை அடித்துச் செல்லப்பட்டது. சிக்கிமில் மட்டுமின்றிக் கீழே மேற்கு வங்கத்திலும் உயிர்கள் போயின.

இதைப் படிக்கும் எந்த உழவருக்கும் உடனே தோன்றும் சொல் 'உடைப்பு'. 'ஏரி உடைப்பெடுத்துக்கொண்டது' என்று மழைக்காலந்தோறும் சொல்லும் மொழி நம்முடையது. அலை மோதி அரிப்பதும், நீர் கரைமீறி வழிவதும், அடியில் கசிந்து துளை பெரிதாவதும் ஆகிய எல்லா வழிகளும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. நம் ஏரிக்கரை மண்ணடித்து இறுக்கி, உபரிநீர் போகக் கலிங்கு வைத்துக் கட்டப்பட்டது. மொரைன் கரையோ பனியாறு தள்ளிக் குவித்துவிட்டுப்போன பாறைத்துண்டும் சரளையும் மணலும். நடுவே புதைந்திருக்கும் பனிக்கட்டி கரையும்போது அது தானே அமுங்கி வலுவிழக்கிறது.

சொல்லில் கரை தெரிந்தால்தான் என்ன செய்யலாம் என்பதும் தெரியும். நேபாளத்தில் எவரெஸ்ட் அருகிலுள்ள இம்ஜா ஏரியில் 2016இல் மதகுடன் கூடிய கால்வாய் வெட்டி நீர்மட்டத்தை 3 மீட்டருக்கும் மேல் குறைத்தார்கள். தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் 1941 டிசம்பர் 13 அன்று பால்காகோச்சா ஏரி உடைந்து உவாராஸ் நகரின் ஒரு பகுதியையே அழித்து, ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட பிறகு, அந்நாட்டுப் பொறியாளர்கள் பல ஏரிகளுக்கு இவ்வாறே வடிகாலும் காப்பணையும் அமைத்தார்கள். 'வெடிப்பு' என்று கேட்பவர், தடுக்கவே இயலாத ஒன்று திடீரென நடந்ததாக எண்ணிக்கொள்வார். மலையடிவாரத்தில் வாழ்பவர்களின் உயிர் சார்ந்த செய்தியில் இந்தத் தவறான எண்ணத்தை நாமே ஊட்டக் கூடாது.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. 2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போனபோது, அதற்கும் 'பனிப்பாறை வெடிப்பு' என்றே எழுதினார்கள். அங்கே எந்த ஏரியும் உடையவில்லை; ரோண்டி சிகரத்தின் சரிவிலிருந்து பாறையும் பனிக்கட்டியும் பெயர்ந்து பள்ளத்தாக்கில் விழுந்து சேற்று வெள்ளமாயின. அதற்குப் 'பாறை-பனிச் சரிவு' என்பதே பொருந்தும். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், ஏரிகளைக் கண்காணித்தால் போதுமா, சரிவுகளையும் கண்காணிக்க வேண்டுமா என்ற கேள்வியே எழாமல் போய்விடும்.

'பனியேரி' என்றால் உறைந்துபோன ஏரி என்று பொருள்பட்டுவிடாதா என்ற ஐயம் நியாயமானது. அதற்கு 'உறைந்த ஏரி' என்ற தெளிவான வழக்கு இருப்பதால், பனியாறு தந்த ஏரிக்குப் 'பனியேரி'யை ஒதுக்கிவிடலாம் என்பது என் கருத்து. பாடநூலில் மட்டும் முதல்முறை முழுச்சொல்லை எழுதிவிட வேண்டும். 'பனிப்பாறை'யைக் கடலில் மிதக்கும் பாளத்துக்கே விட்டுவிட்டு, நிலத்தில் நகர்வதைப் பாடநூல் வழியில் 'பனியாறு' என்றே எழுதுவோம். 'மொரைன்' பள்ளிப் பாடத்திலேயே நிலைத்துவிட்டதால் அதை மாற்ற வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

கலைச்சொல் பட்டியலுக்கான விளக்கம்: 'பனியாறு உருகிய நீர், மொரைன் மேட்டாலோ பனிக்கட்டியாலோ தடுக்கப்பட்டு ஏரியாகத் தேங்கி, அத்தடுப்பு உடைவதால் குறுகிய நேரத்தில் பாயும் வெள்ளம்.' பாகிஸ்தானின் ஷிஸ்பர் பனியாற்றில் நிகழ்ந்ததுபோல, பனிக்கட்டியே அணையாக நின்று அதன் அடியில் நீர் வழி தேடிக்கொள்ளும் நிகழ்வும் இதில் அடங்க வேண்டும் என்பதால்தான் 'தடுப்பு' என்ற பொதுச்சொல்லை இட்டேன். அதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் தெரிவியுங்கள்.