மார்காவைப் பற்றியும் கொஞ்சம் பேசுவோம்

'சம்மர் 1993' (2017) பார்த்தவர்கள் எல்லோரும் ஆறு வயது ஃப்ரீடாவைப் பற்றித்தான் சொல்கிறார்கள். எனக்கோ, அவளை வளர்க்க நேர்ந்த மார்காதான் படம் முழுக்கக் கண்ணில் நின்றாள். அம்மா போன பிறகு மாமா வீட்டில் வளர்ந்தவன் நான்.

பார்க்காதவர்களுக்காகக் கதை: அப்பா ஏற்கெனவே இல்லை, இப்போது அம்மாவும் போய்விட்டாள். பார்சலோனாவில் இருந்த ஃப்ரீடாவை, ஸ்பெயினின் கத்தலோனியா பகுதியில் உள்ள கிராமப்புறத்துக்குக் கூட்டிப்போகிறார் தாய்மாமா எஸ்தேவே. அவர் மனைவி மார்கா, அவர்களுடைய சின்ன மகள் ஆனா. இவ்வளவுதான் குடும்பம். பெற்றோரைக் கொண்டுபோனது எய்ட்ஸ். அந்தச் சொல்லைப் படத்தில் ஒருவர்கூட வாய்விட்டுச் சொல்வதில்லை. விளையாடும்போது ஃப்ரீடா விழுந்து முழங்காலில் ரத்தம் வந்ததும் இன்னொரு குழந்தையின் அம்மா பதறும் பதற்றத்தில் நமக்கே புரிந்துவிடுகிறது. பலனளிக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை 1996 வாக்கில்தான் வந்தது. கதை நடப்பது அதற்கு மூன்று வருடம் முன்னால். இயக்குநர் கார்லா சிமோனின் சொந்தக் கதையும் இதுதான். பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த முதல் படத்துக்கான விருது வாங்கியது.

ஒரு காட்சியை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஃப்ரீடா முகத்தில் சாயம் அப்பிக்கொண்டு அம்மா வேஷம் போட்டுச் சாய்ந்து கிடக்கிறாள். ஆனா விளையாடக் கூப்பிடுகிறாள். உடம்பு வலிக்கிறது, களைப்பாக இருக்கிறது என்று தட்டிக் கழிக்கிறாள் ஃப்ரீடா. நோயோடு கிடந்த அம்மாவிடம் அந்தக் குழந்தை என்னவெல்லாம் கேட்டுப் பழகியிருக்கும் என்று நினைத்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

பிறகு ஆனாவைக் காட்டுக்குள் கூட்டிப்போய் விட்டுவிட்டு வருகிறாள். ஆனாவுக்குக் கை முறிகிறது. இங்கேதான் மார்காவைப் பாருங்கள். பெற்ற பிள்ளைக்கு அடிபட்டிருக்கிறது. காரணமானவளோ தாயில்லாப் பிள்ளை. யார் மேல் கோபத்தைக் காட்டுவாள்? மார்காவாக நடித்த புரூனா குசி அந்தத் திணறலை முகத்திலேயே வைத்திருக்கிறார். மார்காவைத் தெய்வமாக்காமல் விட்டதுதான் இயக்குநரின் பெரிய நேர்மை என்பேன். அவளுக்கு எரிச்சல் வருகிறது, அலுப்பு வருகிறது. ஆனால் கடைசியில், அம்மா எப்படி இறந்தாள் என்று ஃப்ரீடா கேட்கும்போது மழுப்பாமல் பதில் சொல்வதும் அவள்தான். அதன் பிறகே ஃப்ரீடாவால் அழ முடிகிறது, அதுவும் கட்டிலில் குதித்துச் சிரித்து விளையாடிக்கொண்டிருக்கும்போது.

என்னை வளர்த்த அத்தைக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். வசனத்தை நான்தான் சொல்லிக்கொண்டே வந்தேன். கை முறிந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சுப்பா. உன்னைத் திட்டினா நாலு பேர் என்ன சொல்வாங்களோன்னு, நீ பண்ணுன தப்புக்கும் சேர்த்து உங்க அண்ணனைத்தான் திட்டுவேன். அவன் ராத்திரி கேப்பான், நான் என்னம்மா பண்ணேன்னு."

இத்தனை வருடத்தில் அத்தையும் சொன்னதில்லை, அண்ணனும் சொன்னதில்லை. அன்றைக்கே அண்ணனுக்கு போன் போட்டேன். வெகுநேரம் பேசினோம்.

உறவினர் வீட்டில் வளர்ந்தவர்கள் இந்தப் படத்தைப் பார்த்திருந்தால் எழுதுங்கள். வளர்த்தவர்களும், அந்த வீட்டில் கூடவே வளர்ந்த பிள்ளைகளும் எழுதினால் இன்னும் சந்தோஷம். அவர்கள் தரப்பைத்தான் எனக்கு இப்போது கேட்க வேண்டும்போல் இருக்கிறது.