மழைக்காட்டுப் பாடமும் அந்த 20 சதவீத ஆக்சிஜனும்

நுண்ணோக்கி எழுதியது:
உலகச் சூழல் மண்டலங்களைப் பற்றி ஏழாம் வகுப்புக்காகத் தாம் தயாரித்த பாடத்திட்டத்தை நண்பர் கரும்பலகை நேற்று இங்கே பகிர்ந்திருந்தார். பாராட்டுகள் குவிகின்றன, பாராட்டியவர்கள் அதைப் படித்தார்களா என்பதுதான் ஐயமாக இருக்கிறது. மழைக்காட்டுப் பகுதியின் முதல் வரியே, "நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை அமேசான் காடு தருகிறது" என்று கொட்டை எழுத்தில் நிற்கிறது. 2019 ஆகஸ்டில் அமேசானில் தீ பரவியபோது பிரான்ஸ் அதிபர் மக்ரோன் ட்விட்டரில் எழுதியதும் இதே எண்தான். சூழலியல் அறிஞர்கள் அப்போதே அதை மறுத்துவிட்டார்கள். காடு வெளியிடும் ஆக்சிஜனில் ஏறக்குறைய முழுவதையும் அந்தக் காடே திரும்ப எடுத்துக்கொள்கிறது. மரங்களும் சுவாசிக்கின்றன, உதிர்ந்த இலையையும் சாய்ந்த மரத்தையும் மட்கச் செய்கிற பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் மிச்சத்தைத் தீர்த்துவிடுகின்றன. வரவும் செலவும் சமமாகி நிற்கிற கணக்கில் 20 சதவீத இலாபத்தை நண்பர் எங்கிருந்து கண்டெடுத்தார்?

கரும்பலகை எழுதியது:
பாடத்திட்டம் முழுவதிலும் தங்கள் கண்ணில் பட்டது ஒரே ஒரு வரி என்றால், மற்றவை அனைத்தும் சரியாக இருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறேன், நன்றி. அமேசான் ஒளிச்சேர்க்கை செய்கிறதா, இல்லையா? ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜன் வெளிவருகிறதா, இல்லையா? பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முதலில் தெரிய வேண்டியது இதுதான். சிதைப்பவை எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன என்ற கணக்கை மேல்வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம். வகுப்பறையில் நின்று பாடம் நடத்தியவருக்கு எதை எப்போது சொல்ல வேண்டும் என்பது புரியும். பூதக்கண்ணாடியோடு ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் புரியாது.

நுண்ணோக்கி எழுதியது:
வகுப்பறை அனுபவத்தை எண்ணுக்குப் பதிலாக நீட்ட வேண்டாம். தங்கள் வழியிலேயே வருகிறேன்: காடு திரும்ப எடுத்துக்கொள்வதை மறந்துவிட்டு, வெளியிடுவதை மட்டும் பார்ப்போம். அப்போதும் 20 வராது. நிலத்தில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் அமேசானின் பங்கு சுமார் 16 சதவீதம் என்று ஆக்ஸ்போர்டு சூழலியலாளர் யத்விந்தர் மல்ஹி 2019-இல் கணக்கிட்டுக் காட்டினார். உலக ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ பாதி கடலில், கண்ணுக்குத் தெரியாத மிதவைத் தாவர உயிரிகளால் நடக்கிறது. அதையும் சேர்த்தால் அமேசானுக்கு 9 சதவீதம் அளவே தேறும். வெளியிடுவதைக் கணக்கிட்டால் 9, நிகரமாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ சுழியம். இருபதுக்கு இடம் எங்கே?

வினாக்குறி எழுதியது:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஒருவர் மொத்த உற்பத்தியைப் பற்றியும் மற்றவர் நிகர அளவைப் பற்றியும் மாறி மாறிப் பேசுவதாகத் தோன்றுகிறது. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும் அல்லவா?

பவளக்கொடி எழுதியது:
நுண்ணோக்கி ஐயாவுக்கு இது புதிதன்று. ஒட்டகத்தின் திமிலில் இருப்பது நீரா கொழுப்பா என்ற விவாதத்தில், பாலைவன உயிரிகளைப் பற்றி நான் எழுதிய நல்லதொரு தொடரையே இவர் மூழ்கடித்ததை இங்குள்ள பழையவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது கடலைத் துணைக்கு அழைக்கிறார். கடலிலும் மிதவை உயிரிகள் வெளியிடும் ஆக்சிஜனைக் கடல்வாழ் உயிர்களே ஏறக்குறைய முழுவதும் பயன்படுத்திவிடுகின்றன என்பதை ஏன் சொல்லவில்லை? காட்டுக்கு ஒரு கணக்கு, கடலுக்கு ஒரு கணக்கு என்று வைத்திருக்கிறாரா? கரும்பலகை ஐயாவின் பாடத்தில் மழைக்காட்டின் நான்கு அடுக்குகளையும் பிள்ளைகள் தாமே வரைந்து, விதானம் எனும் மரவுச்சி அடுக்கில் ஹார்ப்பி கழுகையும் தரையில் ஜாகுவாரையும் ஒட்டும் அழகான பயிற்சி இருக்கிறது. அதைப் பற்றி ஒரு சொல் கூட வரவில்லை.

நுண்ணோக்கி எழுதியது:
திமிலில் இருப்பது கொழுப்பு. அன்றும் அதுதான், இன்றும் அதுதான். கடலைப் பற்றி அம்மையார் சொன்னது உண்மைதான், ஆனால் அது என் பக்கத்தையே வலுப்படுத்துகிறது. வளிமண்டலத்தில் 21 சதவீதம் ஆக்சிஜன் இருப்பதற்குக் காரணம் இன்றைய காடும் அன்று, இன்றைய கடலும் அன்று. இறந்த உயிர்களில் மிகச் சிறு பங்கு மட்காமல் கடலடிப் படிவுகளில் புதைந்ததால் செலவாகாமல், கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த ஆக்சிஜன் மிச்சம் அது.

பிள்ளைகளுக்குக் கதைதான் வேண்டும் என்றால், உண்மைக் கதையையே சொல்லலாமே. அமெரிக்காவின் அரிசோனாவில் 'பயோஸ்பியர் 2' என்ற மாபெரும் கண்ணாடிக் கட்டடத்துக்குள் ஒரு மழைக்காடு, ஒரு பாலைவனம், ஒரு புல்வெளி, பவளப்பாறையோடு ஒரு சிறு கடல் ஆகியவற்றை அமைத்து, 1991 செப்டம்பரில் எட்டு பேரை உள்ளே விட்டுக் கதவை மூடினார்கள். சுற்றிலும் பசுமை; மழைக்காட்டுக்கும் குறைவில்லை. ஆயினும் காற்றில் 20.9 சதவீதமாக இருந்த ஆக்சிஜன் பதினாறு மாதங்களில் சுமார் 14.5 சதவீதத்துக்கு இறங்கியது. வளமான மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் செடிகள் கொடுத்ததைவிட வேகமாக ஆக்சிஜனைத் தின்றுகொண்டிருந்தன. உள்ளே இருந்தவர்கள் படியேறவே மூச்சு வாங்கினார்கள். 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜனைச் செலுத்த வேண்டியதாயிற்று. மண்ணுக்குள் நடப்பதை விட்டுவிட்டு இலையை மட்டும் எண்ணினால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடம் காட்டும்? 20 சதவீதத்தை எடுத்துவிட்டு இதை அந்த இடத்தில் வையுங்கள்.

கரும்பலகை எழுதியது:
தாங்கள் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். அங்கே மண்ணில் அளவுக்கு மீறி மட்கிய பொருளைச் சேர்த்திருந்தார்கள். அதிலிருந்து கிளம்பிய கார்பன் டை ஆக்சைடில் பெரும் பகுதியைக் கட்டடத்தின் கான்கிரீட்டே உறிஞ்சிக்கொண்டது; செடிகளுக்கு அது கிட்டாததால் ஆக்சிஜனாகத் திரும்பவும் இல்லை. கான்கிரீட் சுவரும் தொட்டி மண்ணும் சேர்ந்து செய்த குளறுபடியைக் காட்டி, எட்டு நாடுகளிலும் பிரெஞ்சு கயானாவிலும் பரந்து கிடக்கும் அமேசானைத் தீர்ப்பிடுவது எந்த ஊர் நியாயம்? பிறர் எண்ணில் பிழை காண்பவர் தம் எடுத்துக்காட்டையும் சற்று உரசிப் பார்த்திருக்கலாம். என் பாடத்தில் 20 சதவீதம் இருக்கும்.

மணற்குன்று எழுதியது:
காடு, காடு, காடு! இந்தப் பாடத்திட்டத்தில் பாலைவனத்துக்குக் கிடைத்திருப்பது அரைப் பக்கம்; அதிலும் பாதியை ஒட்டகப் படம் அடைத்துக்கொண்டிருக்கிறது. பாலைவனம் என்றால் மணல்மேடு என்று எழுதியிருக்கிறீர்கள். சகாராவில் மணல் மூடிய பகுதி ஏறத்தாழ கால் பங்குதான். மற்றவை கற்பரப்பும் பாறை மேட்டுநிலமும். "உயிரற்ற நிலம்" என்று வேறு ஒரு வரி. நமீப் பாலைவனத்தில் விடியற்காலை மூடுபனியில் தலைகீழாக நின்று, தன் முதுகில் படியும் நீர்த்துளிகளை வாய்க்கு வழியவிட்டுக் குடிக்கும் வண்டு உயிரில்லாததா? நிலநடுக்கோட்டில் மேலெழுந்து மழையைக் கொட்டித் தீர்த்த அதே காற்றுதான் ஏறத்தாழ 30 பாகை அகலாங்கில் வறண்டு கீழிறங்கிச் சகாராவை உண்டாக்குகிறது. மழைக்காட்டையும் பாலைவனத்தையும் தனித்தனிப் பெட்டியில் போட்டுக் கற்பிப்பதே முதல் கோளாறு. சாடு நாட்டின் போடேலே பள்ளம் ஒரு காலத்தில் ஏரியாக இருந்த இடம். அதுவும் அதைச் சுற்றிய சகாராவும் எழுப்பும் தூசி அட்லாண்டிக்கைக் கடந்து ஆண்டுக்குச் சுமார் 22,000 டன் பாஸ்பரஸை அமேசானுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு 2015-இல் கணித்திருக்கிறார்கள். மழையும் வெள்ளமும் அமேசான் மண்ணிலிருந்து அரித்துச் செல்லும் பாஸ்பரஸுக்கு ஏறத்தாழ ஈடான அளவு அது. உங்கள் காட்டுக்கு எரு போடுவதே பாலைவனம்தான்.

நுண்ணோக்கி எழுதியது:
மணற்குன்று சொன்னவை சரியாக இருக்கலாம்; ஆனால் இழையின் பொருள் 20 சதவீதம். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. கான்கிரீட் உறிஞ்சியது கார்பன் டை ஆக்சைடை; ஆக்சிஜனைத் தின்றது மண்தான், அதைக் கரும்பலகையே ஒப்புக்கொண்டுவிட்டார்.

காட்டைக் காக்கச் சொல்லப் பொய்யான காரணம் எதற்கு? அமேசானின் மழைநீரில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளை (எடையில் வேறுபடும் ஆக்சிஜன் அணு வகைகளை) அட்லாண்டிக் கரையிலிருந்து மேற்கு நோக்கி ஆராய்ந்த பிரேசில் அறிஞர் எனியாஸ் சலாட்டி, அங்கே பெய்யும் மழையில் ஏறத்தாழ பாதி, காடு தானே நீராவியாக விட்டு மீண்டும் பெற்றுக்கொள்வது என்று 1970-களில் காட்டினார். பறக்கும் ஆறுகள் என்று இன்று அழைக்கப்படும் அந்த ஈரக்காற்றுதான் தெற்கே வயல்களுக்கும் மழை தருகிறது. மரங்களிலும் மண்ணிலும் பூட்டிக் கிடக்கும் கார்பன் தனி. தென்கிழக்கு அமேசான் தான் உறிஞ்சுவதைவிட அதிகமாகக் கார்பனை வெளியிடத் தொடங்கிவிட்டது என்று 2021-இல் ஆய்வு வந்துவிட்டது. இத்தனையும் கையில் இருக்க, அந்த 20 சதவீதத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும் பிடிவாதம் எதற்கு? நாளை அதே மாணவர் இணையத்தில் தேடி அந்த எண் பொய் என்று கண்டுகொண்டால், மழைக்காட்டைப் பற்றி ஆசிரியர் சொன்ன மற்றவற்றையும் நம்ப மாட்டார்.

பவளக்கொடி எழுதியது:
"ஒப்புக்கொண்டுவிட்டார்" என்று எழுதிவிட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமா? திமில் விவாதத்திலும் இப்படித்தான் நான் சொல்லாததை என் வாயில் திணித்தார். ஐசோடோப்பு என்ற சொல்லைக் கேட்டதும் ஏழாம் வகுப்பு மாணவர்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள் என்று நினைக்கிறார் போலும். மணற்குன்று ஐயாவுக்கும் ஒன்று: பாடத்திட்டத்தின் வினா அட்டையிலுள்ள கேள்விக்கு உலகின் மிகப் பெரிய பாலைவனம் அண்டார்க்டிகா என்று விடை எழுதச் சொல்லிப் பிள்ளைகளைக் குழப்பியவர் தாங்கள்தாமே?

மணற்குன்று எழுதியது:
குழப்பவில்லை, திருத்தினேன். சகாரா சுமார் 90 லட்சம் சதுர கிலோமீட்டர், அண்டார்க்டிகா சுமார் 1 கோடியே 40 லட்சம். பாலைவனம் எது என்பதை முடிவு செய்வது வெப்பம் அன்று, மழையும் பனியும் எவ்வளவு குறைவு என்பதே; அண்டார்க்டிகாவின் உட்பகுதியில் ஓராண்டுப் பனிப்பொழிவை உருக்கினால் 50 மில்லிமீட்டர் நீர் கூடத் தேறாது. அண்டார்க்டிகா என்று எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறைத்த விடைத்தாள் குறிப்பு இன்னும் அந்தப் பாடத்திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

கரும்பலகை எழுதியது:
பாலைவனத்தில் பனிக்கட்டியை வைத்துப் பாடம் நடத்தும் துணிவு எனக்கு இல்லை. விடை சகாராதான், வேண்டுமானால் "வெப்பப் பாலைவனங்களுள்" என்று முன்னால் ஒரு சொல் சேர்க்கிறேன். மழைக்காட்டுப் பகுதியில், 20 சதவீதம் "என்று பலரும் கூறுவர்" என எழுதிவிடுகிறேன். நுண்ணோக்கி ஐயா இனியாவது உறங்கலாம்.

நுண்ணோக்கி எழுதியது:
பலரும் என்றால் யார் யார்? மக்ரோனைத் தவிர இன்னொரு பெயரைச் சொல்லுங்கள். பலரும் கூறுவதையெல்லாம் அச்சிடுவதாக இருந்தால், திமிலில் நீர் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாமே, அம்மையாரும் மகிழ்வார்.

பவளக்கொடி எழுதியது:
திமிலில் நீர் இருக்கிறது என்று நான் எந்த இடத்தில் எழுதினேன் என்பதை எடுத்துக் காட்டிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.