பி450 போர்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ், கையில் 40,000 ரூபாய்: எந்த கிராபிக்ஸ் கார்டு எடுக்கலாம்?

தறிச்சத்தம் (பல்லடம்)

எல்லோருக்கும் வணக்கமுங்க. ஒரு முடிவுக்கு வர முடியாமல்தான் இங்கே கேட்கிறேன்.

இப்போது இருப்பது ரைசன் 5 3600, பி450 போர்டு, 16 ஜிபி ரேம், 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650, நான்கைந்து வருடம் ஓடிய 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கரண்ட் சப்ளை பெட்டி). மானிட்டர் 24 இன்ச், 1080பி, 144 ஹெர்ட்ஸ். வேலோரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 எல்லாம் ஓடுகிறது, அதில் குறையே இல்லை. ஆனால் எனக்குக் கதை உள்ள பெரிய விளையாட்டுகள்தான் பிடிக்கும், அங்கேதான் சிக்கல். சைபர்பங்க் 2077 எல்லாவற்றையும் குறைத்து வைத்தாலும் திணறுகிறது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டுக்கு ரே டிரேசிங் (வெளிச்சம், நிழலை நிஜம் போலக் கணக்கிடும்) ஹார்டுவேர் கட்டாயமாம், 1650இல் அது கிடையாது.

40,000 வரை போடலாம், நல்ல காரணம் இருந்தால் கொஞ்சம் மேலேயும் போகலாம். காந்திபுரத்தில் விசாரித்த கடைகளில் எல்லாம் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060தான் சொல்கிறார்கள். மாமா பையன் பழைய 3060 12 ஜிபி எடு என்கிறான். இன்டெல் ஆர்க் பி580 பற்றியும் நிறையப் படித்தேன். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளும் கற்றுக்கொண்டிருக்கிறேன், இப்போதைக்கு அது ஆசைக்குத்தான்.

இன்னொன்று: வீட்டை ஒட்டியே தறிக்கூடம். பஞ்சுத் தூசி எந்நேரமும் இருக்கும், தறி போடும்போது லைட் மங்கி வரும். புது கார்டுக்கு இதெல்லாம் ஆகுமா?

கொடிவேரி (கோபி)

தம்பி, கார்டின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் போர்டைப் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. பி450இல் கார்டுக்கும் போர்டுக்கும் நடுவில் தரவு போகும் வழி பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0, அந்த வழியில் உள்ள தடங்கள்தான் லேன். 5060 கார்டு 16 லேன் அளவு ஸ்லாட்டில்தான் உட்காரும், ஆனால் பேசுவது 8 லேனில் மட்டும். புது போர்டில் 5.0 வேகத்தில் அந்த 8 லேன் நொடிக்கு ஏறக்குறைய 32 ஜிபி கடத்தும், உங்கள் போர்டில் அதே 8 லேன் ஏறக்குறைய 8 ஜிபிதான். கார்டின் சொந்த மெமரிக்குள் எல்லாம் அடங்கும்வரை இது பெரிதாகத் தெரியாது. அது நிரம்பிவிட்டால் மிச்ச டெக்ஸ்சரை (பொருட்களின் மேல் ஒட்டும் படங்கள்) எல்லாம் ரேமில் இருந்து அந்த வழியாகத்தான் இழுக்க வேண்டும், நூல் வந்து சேராமல் தறி நிற்பது மாதிரி கார்டு வேகமாக இருந்தும் காத்துக்கொண்டு நிற்கும். திரையில் அது திக்கித் திக்கிப் போவதாகத் தெரியும். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) எண்ணை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படவே படாது.

5060இல் இருப்பது 8 ஜிபி. 2023இலேயே தி லாஸ்ட் ஆஃப் அஸ் கணினிக்கு வந்தபோது 8 ஜிபி கார்டுகள் திணறின, அப்புறம் பேட்ச் போட்டுச் சரி செய்தார்கள். இன்று புதிதாகப் பணம் போட்டு நான்கைந்து வருடம் வைத்திருக்கப் போகிறவருக்கு 8 ஜிபி வேண்டாம் என்று உறுதியாகவே சொல்வேன்.

என் தேர்வு ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 16 ஜிபி. 2025 ஜூனில் வந்தது, முழு 16 லேனும் உண்டு, அதனால் உங்கள் போர்டிலும் இரண்டு மடங்கு வழி கிடைக்கும். கம்பெனி கணக்கில் 160 வாட்தான். ஆனால் அதே பெயரில் 8 ஜிபி கார்டும் விற்கிறார்கள், பெட்டியும் ஒரே மாதிரி இருக்கும், பில் போடும்போது 16 ஜிபி என்று எழுதி வாங்குங்கள்.

ஒண்டிப்புதூர்

கோபி அண்ணன் சொன்ன மெமரிக் கணக்கு சரிதான், ஆனால் பிளெண்டரை அப்படியே விட்டுவிட்டாரே. பிளெண்டரின் சைக்கிள்ஸில் ரெண்டர் போடுகிறவர்களுக்கு (மாடலை முழுப் படமாக்குவது) என்விடியா கார்டில் ஓடும் ஆப்டிக்ஸ் முறை தனி வேகம். ஏஎம்டியிலும் எச்ஐபி என்ற அதன் முறை மூலம் ஓடும், ஓடாது என்று சொல்லவில்லை, ஆனால் அதே விலைக்கு அந்த வேகம் வராது. நாளைக்கே திருப்பூரில் ஏதாவது கார்மென்ட்ஸ் கம்பெனியில் முப்பரிமாண சாம்பிள் வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் கொஞ்சம் பணம் சேர்த்து 5060 டிஐ 16 ஜிபி எடுப்பதுதான் நல்லது. அதுவும் 8 லேன்தான், ஆனாலும் 16 ஜிபி நிரம்புவது அபூர்வம் என்பதால் அந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. சிறிய படத்தைப் பெரிதாக்கி எஃப்பிஎஸ்ஸைக் கூட்டும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் இருக்கும் விளையாட்டுகளும் அதிகம். அதே வேலை செய்யும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4 நன்றாகவே வந்திருக்கிறது, 9000 வரிசைக்காக வந்தது, இன்னும் எல்லா விளையாட்டிலும் இல்லை.

அந்த எஸ்எம்பிஎஸ்ஸை முதலில் மாற்றுங்கள். 5060 டிஐ 180 வாட், பிராசசர், மற்றதெல்லாம் சேர்த்தாலும் கணக்கில் 450க்குள் அடங்கும்தான். ஆனால் கார்டு ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்குச் சட்டென்று கூடுதலாக இழுக்கும், பழைய சப்ளை அப்போதுதான் கைவிடும். நல்ல 550 அல்லது 650 வாட் போடுங்கள். 80 பிளஸ் முத்திரை கரண்ட் எவ்வளவு வீணாகிறது என்பதற்குத்தான், பாதுகாப்புக்கு அது சான்று இல்லை. விமர்சனங்களைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

தறிச்சத்தம் (பல்லடம்)

ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். பிளெண்டர் வேலைக்காக இல்லைங்க, இன்னும் ஒரு வருடத்துக்கு அப்படியேதான். அப்போ பழைய 3060ஐயும் பி580ஐயும் விட்டுவிடலாமா? பிராசசரையும் மாற்ற வேண்டி வருமா?

நொய்யல்கரை (திருப்பூர்)

பழைய கார்டு எடுப்பதில் தப்பில்லை, 3060க்கு 12 ஜிபியும் 16 லேனும் இருப்பதால் உங்கள் போர்டுக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் அது 2021இல் வந்தது, அந்தச் சமயத்தில் கார்டுகளை இரவு பகலாக எத்தீரியம் என்ற கிரிப்டோ காசுக்கான மைனிங்கில் ஓட்டினார்கள். 2022 செப்டம்பரில் அந்த வேலை நின்றதும் எல்லாம் சந்தைக்கு வந்தன. எது எப்படி ஓடியது என்று வெளியே பார்த்துத் தெரியாது. நேரில் போய் அரை மணி நேரம் பெரிய விளையாட்டை ஓட்டிப் பார்க்க விடுகிறவரிடம் மட்டும் வாங்குங்கள், வாரண்டி மிச்சம் இருக்கிறதா என்று சீரியல் நம்பரை வைத்து அந்தக் கம்பெனியிலேயே கேளுங்கள். 40,000 வைத்திருப்பவர் இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

தூசி விஷயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மண் தூசி வேறு, பஞ்சு வேறு. பஞ்சு சூடு தணிக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி படிந்து காற்றை அடைத்துவிடும், அப்புறம் கார்டு சூடேறித் தானாக வேகத்தைக் குறைக்கும், சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். முன்பக்கம் வலை உள்ள கேபினெட் பாருங்கள், உள்ளே இழுக்கும் ஃபேன் வெளியே தள்ளுவதைவிட அதிகமாக இருக்கட்டும், அப்போதுதான் காற்று வலை வழியாக மட்டும் வரும். வலையை வாரம் ஒருமுறை கழற்றித் தட்டுங்கள். ப்ளோயர் அடிக்கும்போது கார்டின் ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள், சுற்ற விட்டால் பேரிங் கெடும். தறிக்கூடத்தில் இருக்கும் கம்ப்ரசரை அப்படியே கொண்டுவந்து அடித்துவிடாதீர்கள், தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும்.

தறி மோட்டார் ஓடும் லைனில் இருந்து கம்ப்யூட்டருக்கு எடுக்கவே கூடாது. மெயினில் இருந்து தனி லைன் இழுத்து, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்துப் பாருங்கள். 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், விளையாடும்போது கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து அணையும். 1000 விஏ போடுங்கள்.

கொடிவேரி (கோபி)

ஒண்டிப்புதூர்க்காரர் சொன்னது நியாயம், பிளெண்டரில் சம்பாதிப்பதாக இருந்தால் நானும் 5060 டிஐதான் சொல்லியிருப்பேன். ஆசைக்கு மட்டும் என்றால் 9060 எக்ஸ்டி எடுத்துவிட்டு மிச்சப் பணத்தை எஸ்எம்பிஎஸ்ஸில் போடுங்கள்.

பி580 நல்ல கார்டு, 12 ஜிபி இருக்கிறது, ஆனால் உங்கள் பிராசசருக்கு வேண்டாம். இன்டெல் டிரைவர் பிராசசரிடம் நிறைய வேலை வாங்கும், 3600 மாதிரி கொஞ்சம் பழையதில் வேகம் தெரியும்படி குறைகிறது. அதுவும் 8 லேன்தான்.

3600ஐ இப்போதே மாற்ற வேண்டாம். கதை விளையாட்டில் கார்டுதான் முதலில் மூச்சு வாங்கும், 60, 70 எஃப்பிஎஸ்ஸுக்கு 3600 போதும். பின்னால் குறை தெரிந்தால் பயாஸை (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்துவிட்டு அதே போர்டில் ரைசன் 5 5600 போடலாம். பயாஸில் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே நேரத்தில் எட்ட விடுவது) இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள்.

கேபினெட்டுக்குள் முன் ஃபேனில் இருந்து பின்பக்கம் வரை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள், மூன்று ஃபேன் கார்டு 30 சென்டிமீட்டர்கூட இருக்கும். இரண்டு ஃபேன் உள்ளதே இதற்குப் போதும். மாட்டுவதற்கு முன்னால் சேஃப் மோடில் போய் டிடியூ என்ற டிரைவர் நீக்கும் மென்பொருளை வைத்து என்விடியா டிரைவரைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள், அப்புறம் ஏஎம்டி டிரைவர் போடுங்கள். மாட்டிவிட்டு எவ்வளவு சூடு வருகிறது என்று இங்கே எழுதுங்க தம்பி, தறிக்கூடம் பக்கத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.